நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில்

நேரம் என்ற கட்டத்தில்
விடியக்காலம் நாலுக்கும் ஐந்துக்கும் நடுவில் என்று
எழுதச் சொன்னேன்.
இடம்: மண்டபம், வடக்குத் துறை.
பொருள் என்ற கட்டத்தில்
நலவாரிய எழுத்தர் பேனாவை நிறுத்தினார்.
"மேலே என்ன விழுந்தது?"

எதுவும் விழவில்லை, சார்.
தூக்கினேன்.

ஐஸ் பார் ஒன்று ஐம்பது கிலோ.
அது ஃபேக்டரிக் கணக்கு.
குனிந்து எடுக்கையில் ஒரு எடை,
தோளில் நனைந்த சாக்கின் மேல் ஒரு எடை,
திரும்பிக் கொடுக்கையில் இன்னொன்று.
அன்று வடகடல் வற்றியிருந்தது,
படகு முழங்காலளவு கீழே கிடந்தது.
பலகை ஒருவன் நிற்கும் அகலம்.
பின்னால் நம்புவேல் அடுத்த பாரோடு,
"ஏ இருதயம், சீக்கிரம்டா, கை விறைக்குது."
காலைத் திருப்ப இடமில்லை,
இடுப்பைத் திருப்பினேன்.

முறிந்த சத்தம் கேட்டதா என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
இல்லை.
அறைக்குள் ஐஸ் போய் விழுந்த சத்தம் கேட்டது.
முப்பத்தெட்டாவது பார்.
பிறகு இடது காலில்
பெருவிரல் வரைக்கும் எறும்பு.

காலி மீன்பெட்டி மேல் என்னை உட்காரவைத்துவிட்டு
மிச்சம் இருபத்திரண்டையும் அவர்கள் ஏற்றினார்கள்.
டோக்கன் போட்டாச்சு, படகு நிற்காது.
போகும் வழியிலேயே உடைத்துத் தூளாக்கி
இறாலுக்கும் சூடைக்கும் மேல் பரப்பியிருப்பார்கள்.
மறுநாள் படகு திரும்புவதற்குள்
என்னைச் சாய்த்தது
பம்பு வழியாகக் கடலுக்குள் போய்விட்டது.
எதைக் கொண்டுவந்து காட்ட?

கம்பெனிக் கணக்கப்பிள்ளை சொன்னார்,
அவனுக்கு முன்னாடியே இடுப்பு வலி உண்டு,
பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் வருவான்.
உண்மைதான்.
பிளாஸ்திரி ஒட்டாத முதுகு துறையில் யாருக்கு இருக்கிறது?
மீன் வாடைக்கு மேலே அங்கே
எப்போதும் தைல வாடைதான்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார் டாக்டர்.
என் முதுகை அன்றுதான் முதலில் பார்த்தேன்.
கட்டை கட்டையாக, வெள்ளையாக,
ஒன்றின்மேல் ஒன்று.
நான் அடுக்கியிருந்தால்
இத்தனை கோணலாய் அடுக்கியிருக்க மாட்டேன்.
"நாலாவதுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல
சவ்வு பிதுங்கியிருக்கு.
அஞ்சு கிலோவுக்கு மேல தூக்காதீங்க."

அஞ்சு கிலோ.
ரேஷன் அரிசி இருபது.
தண்ணீர்க் குடம் பன்னிரண்டு.
சின்னவன் பதினாலு, தூக்கச் சொல்லி
என் கைலியைப் பிடித்து இழுக்கிறான்.
சிலிண்டர் எவ்வளவு என்று
அதன் கழுத்திலேயே எழுதியிருக்கிறது.

பிரகாசி அதை உருட்டிக்கொண்டு வந்து
படியில் குனிகிறாள்.
"முழங்காலை மடக்கு, இடுப்பை வளைக்காதே."
கத்திவிட்டேன்.
டாக்டர் சொன்ன பாடம்.
அவள் சிலிண்டரை மேலே வைத்துவிட்டு
இடுப்பில் கை ஊன்றி நிமிர்ந்தாள்.
நிமிர்வதற்கு நேரமாயிற்று.
இத்தனை நேரம் ஆகும் என்று
எனக்குத் தெரியாது.
"கல்யாணமாகி வந்த நாளா குடம் தூக்குறேன்.
எனக்கு எந்த ஆபீஸ்ல ஃபாரம் தர்றாங்க?"
சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.
இறால் உரிக்கப் போகிற நேரம்,
பதிலுக்கு நிற்கவில்லை.

பொருள் என்ற கட்டத்தில் கடைசியில் எழுத்தர்
தண்ணீர் என்று எழுதினார்.
யோசித்து அடித்துவிட்டு
ஐஸ் என்று எழுதினார்.
சாட்சி: நம்புவேல், கைநாட்டு.
தபாலில் வரும் என்றார்கள்.

படகு போகிற நாட்களில்
நாலு மணிக்குக் கால் தானாக விழித்துக்கொள்கிறது.
சிமெண்டுத் தரையில் மல்லாந்து கிடக்கிறேன்.
வீட்டுக்குப் பின்னால்தான் ஐஸ் ஃபேக்டரி.
சறுக்குப் பலகையில் இறங்கி
டிராக்டரில் மோதும் ஒவ்வொரு பாரும்
தட்டென்று கேட்கும்.
முப்பத்தைந்து. முப்பத்தாறு.
முப்பத்தேழு.
மடக்குடா, முழங்காலை மடக்கு,
எவனாயிருந்தாலும்.